அயிரை வயிற்றில் வண்ண இழை: வைகை மணலுக்குள் என்ன புதைந்து கிடக்கிறது?

தேனூர்க்காரி | வெள்ளி, இரவு 9:20

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அயிரை மீன் குழம்பு. சோழவந்தான் பக்கத்துக் கண்மாயில் வலை போடுகிறவர் ஒருவர் உயிரோடு கொண்டுவந்து கொடுப்பார். மதுரைக்காரர்களுக்கு அயிரையைக் கழுவும் முறையைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். அயிரை ஆற்று மணலிலும் கண்மாய்ச் சேற்றிலும் முகத்தைப் புதைத்து இரை தேடுகிற மீன். விரல் நீளம்கூட இருக்காது. அதை அறுத்துக் குடலெடுக்க முடியாது, முழுதாகத்தான் குழம்பில் விழும். அதனால் உயிரோடு சட்டியில் விட்டு, பாலை ஊற்றி மூடி வைப்போம். வயிற்றில் இருக்கும் மண்ணையெல்லாம் அது கக்கிவிடும். பிறகு கல் உப்பைப் போட்டு உரசிக் கழுவுவோம்.

என் மாமியார் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான் செய்கிறார். அன்றைக்கு அவர்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பாலை வடித்த பிறகு சட்டியின் அடியில் கருமணல் தங்கியிருந்தது. அதோடு நீலத்திலும் சிவப்பிலும் தலைமுடியைவிட மெல்லிய இழைகள். பளபளவென்று பொடி ஒன்றிரண்டு. “முன்பெல்லாம் மண்ணும் பாசியும்தான் வரும். இது என்ன புதிதாக?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மைக்ரோபிளாஸ்டிக் என்று செய்தித்தாள்களில் படிக்கிறோமே, அதுதானா இது? கடல் மீனில் இருப்பதாகத்தான் படித்திருக்கிறேன். நம் கண்மாய் அயிரைக்கு எப்படி வந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

யானைக்கல் வணிகன் | வெள்ளி, இரவு 9:52

அம்மா, அது உங்கள் புடவை நூலாகவும் இருக்கலாம். முதலில் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கடையிலிருந்து நடந்தால் தரைப்பாலம். தினமும் அந்த ஆற்றைப் பார்க்கிறேன். பந்தல்குடிக் கால்வாய் வழியாகச் சாக்கடை இறங்குகிறது, ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, நாற்றம் தாங்க முடியவில்லை. கண் முன்னால் இவ்வளவு கிடக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பெரிய குற்றம் மறந்துபோகும் என்பதுதான் என் பயம்.

கண்ணாடிப்புட்டி | வெள்ளி, இரவு 10:41

தேனூர் அக்கா, நான் மதுரையில் ஒரு கல்லூரியின் சுற்றுச்சூழல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். யானைக்கல் அண்ணன் எழுப்பிய சந்தேகம் நியாயமானது. நாங்களும் முதலில் எங்கள் உடையைத்தான் சந்தேகப்படுவோம். மாதிரி எடுக்கப் போகும்போது பருத்தி உடைதான் உடுத்துவோம். பிளாஸ்டிக் டப்பா, பிளாஸ்டிக் கரண்டி எதையும் தொட மாட்டோம்.

5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் துணுக்குகள் எல்லாம் மைக்ரோபிளாஸ்டிக் என்ற பெயருக்குள் வரும். 2004இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான் இந்தச் சொல் உலகம் முழுவதும் பரவியது. பை கிழிந்து தாளாக உதிர்வது ஒரு வகை, வாளியும் குடமும் உடைந்து சில்லாவது ஒரு வகை, தெர்மாகோல் மணி ஒரு வகை, துணியிலிருந்து உதிரும் இழை ஒரு வகை. ஆற்று மணலில் தேடினால் இழைதான் பெரும்பாலும் முதலில் கண்ணில் படும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மெல்லிய தையல் ஊசியின் முனையை விளக்குச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, இழையின் பக்கத்தில் கொண்டுபோங்கள். பாலியெஸ்டரோ நைலானோ என்றால் சுருண்டு உருகும். பருத்தியும் பட்டும் தாவர நாரும் உருகாது. பூதக்கண்ணாடி இருந்தால் வசதி.

அடுத்த முறை பால் ஊற்றும்போது, பக்கத்திலேயே ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் வடிகட்டிய தண்ணீரை ஊற்றி அதே நேரம் வரை திறந்து வையுங்கள். அந்தத் தட்டில் விழுவது உங்கள் சமையலறைக் காற்றின் தூசு. அதைக் கழித்துப் பார்த்தால்தான் மீன் கக்கியது எது என்று சொல்ல முடியும்.

மாடக்குளம் மடை | சனி, காலை 6:05

தம்பி யானைக்கல், சாக்கடையும் இந்த இழையும் வேறு வேறு என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே குழாயில்தான் வருகின்றன. துணி துவைத்த தண்ணீர் எங்கே போகிறது? வாய்க்காலுக்கு. வாய்க்கால் எங்கே போகிறது? கிருதுமாலுக்கு, இல்லையென்றால் வைகைக்கு. கிருதுமால் ஒரு நதி என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதே இல்லை.

தேனூர்க்காரி | ஞாயிறு, பிற்பகல் 2:30

சோதனை செய்துவிட்டேன். இன்றைக்குக் கொஞ்சம் அயிரை வாங்கி, சொன்னபடியே பக்கத்தில் வெறும் தட்டு வைத்தேன். வெறும் தட்டில் பச்சை இழை ஒன்று விழுந்திருந்தது, அது என் புடவைதான். பால் சட்டியில் நீலமும் கறுப்புமாக வேறு இழைகள். ஊசியைக் காட்டியதும் நான்கு இழைகள் புழுப் போலச் சுருண்டு உருகின. ஒன்று மட்டும் கருகிப் பொடியானது, அது பருத்தியாக இருக்க வேண்டும். பளபளப்பான பொடியும் உருகிவிட்டது.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை. மீனைக் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டுவிட்டார். நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை: கண்மாயின் அடிமண்ணுக்கு இது எப்படிப் போனது? பிளாஸ்டிக் மிதக்கும் பொருள் ஆயிற்றே?

கண்ணாடிப்புட்டி | ஞாயிறு, இரவு 8:15

இந்தக் கேள்விக்கு விரிவாகவே எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் மிதப்பதில்லை. பையும் வாளியும் செய்கிற பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் இரண்டும் தண்ணீரைவிட இலேசானவை. பாலியெஸ்டர் துணியும் தண்ணீர் பாட்டிலும் ஒரே பொருள். அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.38 கிராம். குழாய் செய்கிற பி.வி.சி.யும் அதே அளவு கனம். நைலான் 1.14. இவை எல்லாம் தானாகவே அடியில் அமரும். மிதக்கிற வகையும் நெடுநாள் மிதக்காது. சில வாரங்களில் அதன் மேல் பாசியும் நுண்ணுயிரும் படர்ந்து வழவழப்பாகும், களிமண் ஒட்டிக்கொள்ளும், கனம் கூடி இறங்கிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. ஆற்றில் ஓடுகிற தண்ணீர் மேலே மட்டும் ஓடுவதில்லை. மணலுக்குள் புகுந்து, கொஞ்ச தூரம் உள்ளேயே ஊர்ந்து, மறுபடி வெளியே வரும். ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இது தெரியும். அப்படிப் புகும்போது நுண்துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் வெளியே வந்துவிடும், துகள் மணல் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். 2022இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஒரு கணிப்பு இதைத்தான் அளந்தது. ஆற்றின் தொடக்கத்து ஓடைகளில், வழக்கமான ஓட்டத்தில், துகள் ஒரு கிலோமீட்டர் நகரச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். நீரோட்டம் குறைந்த காலத்தில் அதே ஒரு கிலோமீட்டருக்கு 7 ஆண்டுகள் வரை ஆகலாம்.

இதை நம் ஆற்றோடு வைத்துப் பாருங்கள். வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வருகிற வைகையில், மதுரைக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற நாள்கள் எத்தனை? மற்ற நாள்களில் ஊர்ச் சாக்கடை மட்டும் மெல்லக் கசிந்து மணலில் இறங்குகிறது. தண்ணீரை வெயில் குடித்துவிடும், இழை தங்கிவிடும். கரையில் நிற்பவருக்கு வெறும் மணல்தான் தெரியும். என் கண்ணுக்கு அது வருடக் கணக்காக நிரப்பி வைத்த நெல் குதிராகத் தெரிகிறது.

குதிர் எப்போது திறக்கும்? வெள்ளத்தில். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் தங்கள் ஊர் ஆறுகளில் 40 இடங்களில் அடிமண்ணை எடுத்து எண்ணினார்கள். டேம் என்ற சிற்றாற்றில் ஓர் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட துகள்கள். 2015 – 16 குளிர்கால வெள்ளம் வடிந்த பிறகு அதே இடங்களுக்குப் போய் மறுபடி எடுத்தார்கள். படுகையில் சேர்ந்திருந்ததில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. 2018இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் இது வெளியானது.

அங்கே அது கடலுக்குப் போனது. இங்கே எங்கே போகும் என்று மடை ஐயாதான் சொல்ல வேண்டும்.

மாடக்குளம் மடை | திங்கள், காலை 5:50

இரவு படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

கடலுக்குப் போகிற தண்ணீர் நம் ஆற்றில் கொஞ்சம்தான் அம்மா. வைகை கண்மாய்களுக்காகப் பிறந்த ஆறு. அணைக்கட்டுகளில் திருப்பி, வரத்துக் கால்வாய் வழியாகக் கண்மாயில் சேர்த்து, மேல் கண்மாய் நிறைந்தால் மிகைநீர் வழியும் கலுங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்குப் போகிற மாதிரி நம் முன்னோர்கள் செய்து வைத்தார்கள். கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாய். கண்மாயில் தண்ணீர் அசையாமல் நிற்கும். நின்றால் கலங்கல் தெளியும், தெளிந்தால் வண்டல் அடியில் படியும். வண்டலோடு வருகிற எதுவும் அங்கேதான் தங்கும். அயிரையும் அங்கேதான் இருக்கிறது.

அந்த வண்டலை நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? கரம்பை மண் என்று சொல்வோம். கோடையில் கண்மாய் வற்றியதும் வெட்டி, வண்டி வண்டியாக வயலில் அடிப்போம். என் தகப்பனார் காலத்தில் கரம்பை அடித்த வயலுக்கு உரமே தேவையில்லை. இப்போதும் கண்மாயில் வண்டல் எடுக்க உழவர்களுக்கு அரசு இலவச அனுமதி கொடுக்கிறது. நல்ல திட்டம், கண்மாயும் ஆழமாகிறது. ஆனால் ஊருக்குள் இருக்கிற கண்மாய்களில் வெட்டினால் மண்வெட்டியில் பை சிக்குகிறது. பையைக் கையால் பொறுக்கி எறிந்துவிடலாம். பொடியை யார் பொறுக்குவது? அதையும் சேர்த்துத்தான் என் வயலில் அடித்திருக்கிறேன்.

திருப்புவனம் உழவன் | திங்கள், காலை 7:30

ஐயா சொல்வதோடு எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். தக்காளிக்கு மண்ணை மூடுகிற மல்ச்சிங் பிளாஸ்டிக் தாள் விரித்தேன். களை குறைந்தது, தண்ணீர் மிச்சமானது. இரண்டாம் ஆண்டு அந்தத் தாளைச் சுருட்டப் போனபோது கையில் அப்பளம் போல நொறுங்கியது. முடிந்ததைப் பொறுக்கினேன், மீதியை உழுதுவிட்டேன். மழை பெய்தால் அது வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும்தான் போகும். நகரத்துக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செல்லூர் தறிக்காரன் | திங்கள், பிற்பகல் 1:10

இழை என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன். செல்லூரில் கைத்தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். அப்போது இழை என்றால் பருத்தி. மணலில் விழுந்தால் மட்கும். இன்றைக்கு வீடுகளில் கொடியில் காய்வதைப் பாருங்கள்: நைட்டி, பள்ளிச் சீருடை, பனியன், போர்வை, பாதிக்கு மேல் பாலியெஸ்டரோ அதன் கலப்போதான். சுங்குடிச் சேலை பருத்தி என்பதுதான் அதன் பெருமை. அந்தப் புள்ளியை மட்டும் பாலியெஸ்டர் துணியில் அச்சடித்து சுங்குடி என்று விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு விலை மலிவு, காய்வது சீக்கிரம், இஸ்திரி வேண்டாம். குறை சொல்லவும் முடியவில்லை.

தேனூர் அம்மா சொன்ன பளபளப்பான பொடி எனக்குப் புரிந்துவிட்டது. விலை மலிவான சேலைகளில் இப்போது வருகிற சரிகையில் வெள்ளியும் இல்லை, செம்பும் இல்லை. பாலியெஸ்டர் தாளில் உலோகப் பூச்சைப் பூசி இழையாக நறுக்கியது. துவைக்கத் துவைக்க உதிரும். அதுவாக இருக்கலாம்.

கண்ணாடிப்புட்டி | திங்கள், பிற்பகல் 1:45

சரிகை எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி அண்ணா. துவைப்பதில் உதிர்வதற்கு ஒரு கணக்கு உண்டு. 2016இல் பிளிமத் ஆய்வாளர்கள் துணி துவைக்கும் இயந்திரத்தில் அளந்தார்கள். 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என்று கணக்கிட்டார்கள். மதுரையின் ஒரு தெருவில் ஒரு காலை நேரத்தில் எத்தனை வீட்டில் துவைக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் கழிவுநீரில் இந்த இழையில் பெரும்பகுதி அங்கேயே கசடோடு சேர்ந்து தங்கிவிடும். அதனால் வீட்டுக் கழிவுநீர் ஆற்றுக்கு வராமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதே முதல் வேலை. யானைக்கல் அண்ணன் கேட்கிற சாக்கடை நியாயமும் இதுதான். கசடை மறுபடி உரமாக வயலில் போட்டால் இழையும் கூடவே போகும், அதையும் மறந்துவிடக் கூடாது.

படித்துறைவாசி | திங்கள், இரவு 9:05

நான் சிம்மக்கல்லில் பேச்சியம்மன் படித்துறைப் பக்கம் குடியிருக்கிறேன். துவைக்கும் தண்ணீர் மட்டும் இல்லை, நேராகத் துணியே ஆற்றுக்குள் கிடக்கிறது. காரியம் முடித்துக் குளித்துவிட்டு, கட்டியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டு வருவது நம் வழக்கம். வேட்டியும் சேலையும் பருத்தியாக இருந்த காலத்தில், ஆறும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் உண்டான வழக்கம் அது. இப்போது பாலியெஸ்டர் சேலையை வறண்ட மணலில் விட்டுவிட்டு வருகிறோம். அதில் பாதி புதைந்து பாதி வெயிலில் கிடக்கிறது. காலால் தொட்டால் தூளாகிற சேலையை நானே பார்த்திருக்கிறேன். துக்கத்தோடு வருகிறவர்களிடம் போய் இதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

மாலையில் ஜிகினா. இறந்தவருக்குப் போடும் மாலையிலும் ஜிகினா, திருவிழா அலங்காரத்திலும் ஜிகினா. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினா விற்பனைக்குத் தடை போட்டது என்று படித்தேன். மல்லிகைக்குப் பேர்போன ஊரில், வாழைநாரில் பூக்கட்டத் தெரிந்த ஊரில், மாலைக்கு எதற்கு அந்த மினுக்கு?

இன்னும் ஒன்று, யாரும் கவனிக்காதது. வெள்ளம் வரும்போது கரை உடையாமல் அடுக்குகிற மணல் மூட்டைகள். அந்தக் காலத்தில் சணல் சாக்கு. இப்போது எல்லாம் உர மூட்டை, சிமென்ட் மூட்டை, பிளாஸ்டிக் பின்னல் சாக்கு. ஒரு கோடை வெயில் பட்டால் போதும், அது நார் நாராகப் பிரிகிறது. வெள்ளம் வடிந்த பிறகு அந்த மூட்டைகளை யாரும் எடுப்பதில்லை. ஆற்றைக் காப்பாற்ற அடுக்கிய சாக்கே அங்கே கிடந்து இழையாகிறது. இது என் மனதை மிகவும் வருத்துகிறது.

யானைக்கல் வணிகன் | செவ்வாய், காலை 10:20

எல்லாவற்றையும் படித்தேன். முதல் நாள் நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். சாக்கடைதான் பெரிய குற்றம் என்பதில் மாற்றம் இல்லை. இழை அதன் பிள்ளை என்பது இப்போது புரிகிறது.

ஒரு சந்தேகம். நம் ஊரிலிருந்துதான் பிளாஸ்டிக் சாலை உலகத்துக்குப் போனது. குப்பையைச் சாலையாக்கினார்கள் என்று பெருமைப்படுகிறோம். அந்தச் சாலை தேய்ந்தால் அதுவும் ஆற்றுக்குத்தானே வரும்?

கண்ணாடிப்புட்டி | செவ்வாய், பிற்பகல் 12:35

தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறையைச் சொல்கிறீர்கள். 2002இல் அந்தக் கல்லூரி வளாகத்தில் முதல் சாலை போட்டார்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஜல்லியை ஏறத்தாழ 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன் மேல் தூவினால் உருகி ஜல்லியை உறைபோலப் பற்றிக்கொள்ளும். அதற்கு மேல் தார். குப்பைமேட்டில் காற்றில் பறக்கிற பையைவிடத் தாருக்குள் அடைபட்ட பை எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. ஆனால் சாலையின் மேற்பரப்பு தேய்வதைத் தொடர்ந்து அளக்க வேண்டும். அந்த முறையைக் கண்டுபிடித்த ஊரே அதையும் அளந்தால் நன்றாக இருக்கும்.

சாலையைவிட அதன் மேல் ஓடுகிற டயர்தான் எனக்குக் கவலை. டயர் தேய்ந்து உதிரும் கறுப்புத் துகளும் இந்தக் கணக்கில்தான் சேரும். 2017இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட அறிக்கை, துகளாகவே கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் 35 விழுக்காடு செயற்கைத் துணி துவைப்பதிலிருந்தும் 28 விழுக்காடு டயர் தேய்மானத்திலிருந்தும் வருவதாக மதிப்பிட்டது. வைகையின் இரண்டு கரையிலும் இப்போது சாலை. முதல் மழை பெய்தால் அந்தச் சாலைத் தூசு எந்த வடிகட்டியும் இல்லாமல் நேராக மணலில் இறங்கும்.

பரமக்குடிக் கரை | செவ்வாய், இரவு 8:40

மதுரைக்காரர்கள் உங்கள் ஆறு, உங்கள் மணல் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கீழே நாங்கள் இருக்கிறோம். எங்களுக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் வராது. வரும்போது முதல் தண்ணீர் கறுப்பாக வரும். அதற்கு முன்னால் மதுரைக் குப்பை வரும். பாலத் தூணில் சிக்கிய பைகளையும் துணிகளையும் நாங்கள்தான் அகற்றுகிறோம். மானாமதுரையிலும் எங்கள் ஊரிலும் ஆற்றுப் படுகை ஊற்றுத்தான் பலருக்குக் குடிநீர். மான்செஸ்டரில் 70 விழுக்காடு போனது என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள் சகோதரி. போன இடத்தில் ஆள்கள் இருக்கிறார்கள்.

கண்ணாடிப்புட்டி | செவ்வாய், இரவு 9:25

நீங்கள் கோபப்படுவது சரிதான் அண்ணா. மன்னித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆறுதல் மட்டும் சொல்ல முடியும். மணல் தன்னளவில் நல்ல வடிகட்டி. ஆழமான ஊற்றில் வரும் நீரில் பெரிய துகள்கள் குறையும். அதற்கு மணல் இருக்க வேண்டும். மணலை அள்ளிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

தேனூர்க்காரி | செவ்வாய், இரவு 10:10

உடம்புக்கு என்ன செய்யும் என்று யாருமே எழுதவில்லை. எனக்குப் பயம் காட்ட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

கண்ணாடிப்புட்டி | புதன், காலை 7:15

அக்கா, தெரிந்ததைச் சொல்கிறேன். 2022இல் நெதர்லாந்தில் 22 பேர் இரத்தத்தைச் சோதித்தபோது 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. 2024 மார்ச்சில் ஒரு மருத்துவ இதழில் இத்தாலிய மருத்துவர்கள் எழுதியது இன்னும் முக்கியமானது. கழுத்து இரத்தக் குழாய் அடைப்பை அறுவை செய்து நீக்கிய 257 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அடைப்புக் கொழுப்பில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் இவற்றில் ஏதேனும் ஒன்று நேரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல நாலரை மடங்காக இருந்தது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை, இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன என்றுதான் சொல்கிறது.

அயிரையைப் பொறுத்தவரை உங்கள் மாமியாரின் பால் சட்டிக்கு நான் தலைவணங்குகிறேன். மீன் விழுங்கிய துகள்களில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கும். பெரிய மீனில் குடலை எறிந்துவிடுகிறோம். முழுதாகத் தின்கிற சிறு மீனில்தான் சிக்கல். கடல் சிப்பிகளை உண்பதற்கு முன் சுத்தமான தண்ணீரில் வைத்திருந்தால் அவற்றிலுள்ள துகள் குறைகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் தலைமுறையாகச் செய்வதும் அதே வேலைதான். பாலுக்கு முன்னால் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி, இன்னும் கொஞ்ச நேரம் விட்டு வையுங்கள். நானாக இருந்தால் ஊர்ச் சாக்கடை விழாத கண்மாய் மீனைக் கேட்டு வாங்குவேன், அயிரையை விட மாட்டேன்.

மாடக்குளம் மடை | புதன், காலை 8:00

நம் ஆற்றில் எவ்வளவு இருக்கிறது என்று நாமே பார்க்க முடியுமா அம்மா? மீனை வைத்து இல்லை, மணலை வைத்து. சித்திரைத் திருவிழாவுக்கு அணையிலிருந்து தண்ணீர் திறப்பார்களே. மான்செஸ்டர்க்காரர்கள் வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தார்கள் என்றீர்கள். நமக்கு அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னும் பின்னும் எடுக்கலாம் அல்லவா?

கண்ணாடிப்புட்டி | புதன், காலை 8:12

ஐயா! இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. திறக்கும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். வறண்ட மணலில் ஒருமுறை, தண்ணீர் வடிந்த பிறகு அதே இடத்தில் ஒருமுறை. இதைவிட நல்ல வாய்ப்பு ஆய்வாளருக்குக் கிடைக்காது.

மணலிலிருந்து துகளைப் பிரிக்கும் முறை உழவர்களுக்குப் புதிதில்லை. விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பதரை மிதக்கவிட்டு எடுப்பீர்களே, அதேதான். உலர்த்திய மணலை, இனிக் கரையாத அளவுக்கு உப்பைக் கரைத்த நீரில் கலக்கி விட்டால் மணல் அமரும், இலேசான துகள் மேலே வரும். நீங்கள் பதரை எறிவீர்கள், நாங்கள் மிதப்பதைத்தான் எடுத்து வைப்போம். ஆனால் சாப்பாட்டு உப்புக் கரைசலின் அடர்த்தி 1.2 தான். 1.38 கனமுள்ள பாலியெஸ்டர் அதில் நம்பத்தக்கபடி மிதக்காது, எண்ணிக்கையில் விட்டுப்போகும். நமக்கு இழைதான் முக்கியம் என்பதால் ஆய்வகத்தில் துத்தநாகக் குளோரைடு கரைசலில் பிரிக்கிறேன். அது நச்சு, வீட்டில் யாரும் முயல வேண்டாம். மணலை எடுத்துத் தருவது மட்டும் உங்கள் வேலை.

பரமக்குடிக் கரை | புதன், காலை 9:30

பரமக்குடியிலும் எடுக்க வேண்டும். எங்கள் ஊரிலும் அழகர் இறங்குவார். தண்ணீர் வந்து சேர்ந்தால் நான் எடுத்துக் கொண்டுவந்து தருகிறேன்.

செல்லூர் தறிக்காரன் | புதன், காலை 9:50

பிளாஸ்டிக்கைத் தொட மாட்டோம் என்கிறீர்கள், மணல் எடுக்கப் புட்டி என் பொறுப்பு. ஊறுகாய்க் கண்ணாடிப் புட்டிகளைக் கழுவிச் சேர்த்து வைக்கிறேன்.

படித்துறைவாசி | புதன், காலை 10:15

திருவிழாவன்று கூட்டத்தில் தண்ணீர் பாக்கெட்டின் முனையைக் கடித்துத் துப்புவார்கள். அந்த முனை அப்போதே ஏறத்தாழ நுண்துகள் அளவுதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் நீர்மோர் பாக்கெட் வந்துவிடுகிறது. அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் ஆட்டுத்தோல் பையோடு விரதம் இருந்து வருகிறார்கள், அவர்கள் நிற்கிற அதே மணலில்தான் இந்தப் பாக்கெட்டும் விழுகிறது. எங்கள் தெருவில் இந்த ஆண்டு மோர்ப் பந்தல் போடுகிறோம். பானையும் எவர்சில்வர் டம்ளரும் மட்டும். கழுவ ஆள் வேண்டும், யாராவது வர முடியுமா?

யானைக்கல் வணிகன் | புதன், காலை 10:40

நானும் என் கடைப் பையன்கள் இருவரும் வருகிறோம். டம்ளர் 200 என் கணக்கு.

கண்ணாடிப்புட்டி | புதன், இரவு 9:00

முதல் சுற்று இந்த ஞாயிறு, காலை 6 மணிக்கு, தண்ணீர் திறப்பதற்கு முன். நான்கு இடங்கள்: தேனூர், கோச்சடை, ஓபுளா படித்துறை, விரகனூர் மதகணைக்குக் கீழே. ஒவ்வோர் இடத்திலும் ஓட்டம் இருந்த தடத்தில் மேல் 5 சென்டிமீட்டர் மணல், மூன்று புட்டி. எவர்சில்வர் கரண்டி. புட்டியின் வாயைப் பருத்தித் துணியால் மூடி அதற்கு மேல் மூடி போடவும். இடத்தையும் நேரத்தையும் பென்சிலால் காகிதத்தில் எழுதி வெளியே கட்டவும். எல்லோரும் பருத்தி உடையில் வாருங்கள். ஒரு புட்டியை ஒன்றும் போடாமல் திறந்து வைத்து, வேலை முடிந்ததும் மூடி எனக்குத் தரவும்.

தேனூர்க்காரி | புதன், இரவு 9:30

தேனூருக்கு நானும் மாமியாரும் போகிறோம். மணல் எங்கே நிஜமான ஆற்று மணல், எங்கே லாரி கொட்டிய மண் என்று அவருக்குத்தான் தெரியும். கட்டிக்கொள்ள இப்போதே ஒரு சுங்குடிச் சேலையை எடுத்து வைத்திருக்கிறார், பருத்திதானா என்று என்னிடம் ஊசியைக் காய்ச்சிப் பார்க்கச் சொல்லி ஒரு நூலும் உருவிக் கொடுத்தார். உருகவில்லை.